டேப் ஒட்டிய ஸ்விட்ச்

ஜூன் 9, திங்கள்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். படித்துவிட்டால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். முக்கியமாக என் அத்தையிடம் காட்டவே கூடாது.

போன வருஷத்துக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு அரிசி மூட்டை வைக்கும் சின்ன அறைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இந்த அறைக்கும் பாத்ரூமுக்கும் மட்டும்தான் உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு.

என் பெயர் முத்தரசி. அருப்புக்கோட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் அம்மா, நான், தம்பி சர்வேஷ். பிப்ரவரியிலிருந்து அத்தையும் இருக்கிறாள். அப்பாவின் அக்கா. தம்பியின் கால் உடைந்ததும் அப்பாதான் அனுப்பி வைத்தார்.

கால் உடைந்த விதத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தம்பி சைக்கிளில் வேகமாகக்கூடப் போகவில்லை. வாசலில் நின்ற சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான், சாய்ந்தது, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். பதினோரு வயதுப் பையனுக்கு இரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும் என்றார்கள். சேரவில்லை. பிளேட் வைத்த இடத்தில் புண் ஆறாமல் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. மே மாதம் அவனுடைய இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி, உடைந்த இடத்தில் செலுத்தினார்கள். அதுவும் பலிக்கவில்லை.

இன்று மறுபடி மதுரை. பெரிய டாக்டர் ஃபிலிமைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். சின்ன டாக்டர் ரெஹானாதான் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். மஜ்ஜையில் குருத்தணு என்று ஒன்று இருக்கிறதாம். அது இன்னும் ஒன்றுமாக ஆகாத அணு. எலும்பணுவாகவும் மாறலாம், கொழுப்பணுவாகவும் மாறலாம். தம்பியின் மஜ்ஜையைச் சோதித்ததில் அறுபது வயதுக்காரருக்கு இருப்பது போலக் கொழுப்பாக இருக்கிறதாம். எலும்பாக வேண்டியது எல்லாம் கொழுப்பாகப் போகிறது.

அம்மா, பரம்பரைக் கோளாறா என்று கேட்டாள். டாக்டர் இல்லை என்றார்.

"ஜீன்ல ஒரு குறையும் இல்லம்மா. எலும்பு செய்யுன்னு சொல்ற எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒங்க வீட்ல ஃபிரிட்ஜ் ஸ்விட்ச் மேல டேப் ஒட்டியிருப்பீங்கல்ல, யாரும் தொட்றக் கூடாதுன்னு? அந்த மாதிரி இவனுக்கு எலும்பு ஸ்விட்ச் மேல டேப் ஒட்டிக் கெடக்கு. கரண்டு வருது, ஸ்விட்சும் நல்லாருக்கு, போட முடியல."

எழுத்தை மாற்றாமல் எழுத்தின் மேல் ஒட்டுகிற இந்தச் சங்கதிக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயராம். அந்த டேப் தானாக வந்து ஒட்டாது என்றும் சொன்னார். பட்டினி, புகை, மருந்து, இப்படி வெளியிலிருந்து எதுவோ வந்துதான் ஒட்டும். அப்புறம் கேட்டார், இவனுக்கு வேறு மாத்திரை, நாட்டு மருந்து, சத்துப் பவுடர் ஏதாவது தருகிறீர்களா என்று. அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றார்கள்.

முகம் எப்போதும் இப்படி உருண்டையாகத்தான் இருக்குமா என்றும் டாக்டர் கேட்டார். எங்கள் குடும்பத்து முகவெட்டே உருண்டைதான் என்றாள் அம்மா. பதற்றத்தில் சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீள முகம்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே யோசனை. தானாக ஒட்டாது என்றால் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பதே நான்கு பேர்.

ஜூன் 10, செவ்வாய்

விடியுமுன்னே அத்தை சமையலறையில் இருந்தாள். நான் போனதும் பால் டம்ளரை முந்தானையால் மூடினாள்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்து மாவாட்டினேன். தையல் கடை சரசு அக்கா அம்மாவின் பிளவுஸைக் கொண்டுவந்தார். அம்மாவும் அவரும் கொல்லைப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் வீடியோ கால் வருகிற நாள் என்பதால் தம்பிக்குப் புதுச் சட்டை போட்டோம். வெள்ளிக்கிழமை தோறும் அவன் முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை சீவி, தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பது அம்மாவின் வேலை. கால் தெரியாத மாதிரி போனைப் பிடிப்பாள்.

அப்பா அவனைப் பார்த்துச் சிரித்தார். "இப்பத்தான்டா எம் மகன் மாதிரி இருக்க. கன்னத்தப் பாரு, ரவா லட்டு மாதிரி."

அம்மாவின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை வேறு எந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை. போன வருஷம் இதே வெள்ளிக்கிழமைகள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். தம்பி அப்போது ஒல்லிக்குச்சி. விலா எலும்பு தெரியும். பிள்ளைக்குச் சோறு போடுகிறாயா, இல்லை நீயே தின்கிறாயா என்று அப்பா கத்துவார். அடுத்த தடவை வரும்போதும் இவன் இப்படியே இருந்தால் பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு உன்னை உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அம்மா போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அன்று ஒரே குண்டானை எத்தனை முறை தேய்த்தாளோ.

அதற்கப்புறம்தான் தம்பிக்குச் சதை போட ஆரம்பித்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் தம்பி தேறிவிட்டான் என்கிறார்கள். அதனால் இன்றும் போன் பேசி முடித்ததும் அம்மா உப்பும் வத்தலும் எடுத்து அவன் முகத்தைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வத்தல் கமறவே இல்லை. அவ்வளவு கண்ணேறு என்றாள்.

கால் மட்டும் சேரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று தண்ணீர் வருகிற நாள். எட்டுக் குடம் பிடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

அறிவியலில் குருத்தணு பாடம் வந்தது. குருத்தணு எலும்பாகாமல் கொழுப்பாகிவிட்டால் என்ன டீச்சர் செய்வது என்று கேட்டேன். அது பரீட்சைக்கு வராது, உட்கார் என்றார்.

அத்தையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை யோசித்துப் பார்க்கிறேன். தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள். அவளுடைய டிரங்குப் பெட்டிச் சாவி இடுப்பில்தான் இருக்கிறது, குளிக்கும்போதுகூட. மாடிக்குப் போய் அப்பாவிடம் தனியாகப் பேசுகிறாள். ஊரில் இருக்கிற வீடு தம்பிக்குத்தான் என்று தாத்தா எழுதிவைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "ஒங்கத்த ஒண்ணும் பாசத்துல வரல, வேவு பாக்க வந்திருக்கா" என்பாள் அம்மா. எனக்கும் அத்தை வந்தாலே வேறு அறைக்குப் போய்விடத் தோன்றுகிறது.

தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன், அத்தை பாலில் என்ன கலக்கிறாள் என்று. சொல்லக் கூடாது என்று சாமி மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாளாம்.

"ரெண்டு சத்தியத்த நான் எப்பிடிக்கா காப்பாத்துறது?" என்றான். இன்னொரு சத்தியம் என்ன என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 24, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். அத்தை குளிக்கப் போகும்போது பெட்டியைப் பூட்ட மறந்துவிட்டாள். சேலைகளுக்கு அடியில் ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் பச்சையும் சாம்பலும் கலந்த பொடி. மோந்து பார்த்தேன், மிளகு மாதிரி காரமாக, ஆனால் வேறு என்னவோ. ஒரு ஸ்பூன் எடுத்துப் பேப்பரில் மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

பெட்டியை மூடித் திரும்பினால் ஈரத் தலையோடு அத்தை நிற்கிறாள். என்னடி தேடுற என்றாள். ஊக்கு என்றேன். தன் ரவிக்கையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வலித்தது. வேண்டுமென்று செய்தாளா தெரியாது.

அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் இரண்டு பேருக்கும் சண்டை வரும், அப்பாவுக்குப் போகும், பழி அம்மா தலையில்தான் வந்து விழும். டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

அம்மா, நான், தம்பி மூவர் மட்டும் மதுரைக்குப் போனோம். அத்தைக்கு முழங்கால் வலி. பெரிய டாக்டர் இந்த முறை பேசினார். பிளேட்டை எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்து, இடுப்பிலிருந்து எலும்புச் சீவல் எடுத்து வைத்து, புது பிளேட் போடப்போகிறார்களாம். பதினெட்டாம் தேதி அட்மிஷன், மறுநாள் ஆபரேஷன். இதுவும் சேராமல் சீழ் மேலே ஏறினால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். தம்பி அந்த நேரம் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முழங்காலை மடக்கி நீட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

டாக்டர் ரெஹானா எங்களைத் தனியாக அழைத்துப் போய் மறுபடி கேட்டார். இந்த மாதிரி டேப் ஒட்டுவதில் முதல் ஆள் ஸ்டீராய்டுதான் என்றார். ரொம்ப நாள் கொடுத்தால் குருத்தணு எலும்புப் பக்கம் போகாமல் கொழுப்புப் பக்கம் போய்விடும், முகம் உப்பும், புண் ஆறாது, லேசாக விழுந்தாலும் எலும்பு உடையும். அம்மா அது பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"பொடிசா வெள்ள மாத்திரையா இருக்கும்மா. பேர் இல்லாம பேப்பர் கவர்ல போட்டு, சதை போடுற மாத்திரைன்னு விக்கிறாங்க. கல்யாணத்துக்கு நிக்கிற பொம்பளப் பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்குறாங்க."

அம்மா, அப்படியா என்றாள். பில் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனாள். பர்ஸ் பைக்குள்தான் இருந்தது.

எனக்கு அதுதான் சமயம். பொட்டலத்தை எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். என் அத்தை யாருக்கும் தெரியாமல் தம்பிக்குக் கொடுக்கிறாள் என்றேன். அவர் மோந்து பார்த்தார், நாக்கு நுனியில் வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

"பிரண்டையப் பொடிச்சிருக்காங்க. எலும்பு கூடட்டும்னு குடுப்பாங்க. இருந்தாலும் உள்ள என்னமும் கலந்திருக்கான்னு பாத்துச் சொல்றேன்."

கலந்திருந்தால் உடனே நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கூடவே கூடாது என்றார். நாள்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை மறந்துவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் டேப்பும் மெல்லக் கழலும், எலும்பும் கூடும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கும்.

"அது தெரியாம நாங்க ஆபரேஷன் டேபிள்ல படுக்க வச்சம்னா, எந்திரிக்காமயே போயிருவான். யாரு குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு நான் கேக்க மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்தால் ரத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று சீட்டு எழுதினார். அவருடைய போன் நம்பரையும் சொன்னார். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். டாக்டர் சொன்னதில் கடைசிப் பகுதியை அம்மா கேட்கவில்லை.

பஸ்ஸில் அம்மா தம்பியின் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். பாதி வழி தாண்டிய பிறகும் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

எட்டு மணிக்குள் போக முடியவில்லை. பதினொன்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மாவுக்குத் திடீரென்று சீட்டு கிடைக்கவில்லை. வீடு முழுக்கத் தேடினோம். அத்தைதான் எங்கோ ஒளித்துவைத்திருப்பாள் என்று எனக்கு ஆத்திரம். கடைசியில் அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. கண்டெடுத்தது அம்மா.

காலையில் எடுத்தால்தான் கணக்கு, அட்மிஷன் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று லேபில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் ரெஹானா இன்று லீவு.

ஜூலை 9, புதன்

டாக்டர் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார். நான் எடுத்தேன். பொடியில் பிரண்டையும் மிளகும் தவிர ஒன்றும் இல்லை. வீட்டில் வேறு யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா என்று கேட்டார். அம்மா எதிரில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யாரு என்றாள் அம்மா. ஸ்கூல் டீச்சர் என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? தெரியாது.

ஜூலை 10, வியாழன்

அத்தைக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது போல. மல்லி உடைக்க உட்கார்ந்தபோது என்னையும் உட்கார வைத்தாள். "எம் பெட்டியில கை விட்ட ஆளே, ஊக்குக் கெடச்சுச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரண்டை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாட்டு மருந்து கொடுத்தால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள், அதனால்தான் ஒளித்தாளாம். பிரண்டை ஆயும்போது கை அரித்துக் கொப்புளம் வந்த தழும்பைக் காட்டினாள். அப்பாவிடம் மாடியில் என்ன பேசுகிறாய் என்றும் கேட்டுவிட்டேன்.

"என்னத்தப் பேசுறேன். இருக்கிற ஒரு பொண்டாட்டிய வெரட்டிராதடான்னு சொல்லிக்கிட்டிருக்கேன். அவனுக்கு ஒறைக்கவா செய்யுது?"

முதல் பக்கத்தில் அத்தை என்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அந்த இடத்தில் வேறு யார் பெயரை எழுத வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 12, சனி

தம்பி காலையில் வாந்தி எடுத்தான். மத்தியானமும் எடுத்தான். ரசம் சோறு ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டான். அம்மா தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மாட்டச் சொல்லேன். சத்து மாத்திரையக் குடுக்கச் சொல்லேன். அதச் சாப்பிட்டாத் தெம்பா இருக்கும்."

என்ன மாத்திரை என்றேன். ராத்திரி வாழைப்பழத்துக்குள் வைத்து அம்மா கொடுப்பாளாம். பொடி மாத்திரை, கசக்கும். சரசு அக்கா கவரில் கொண்டுவந்து தருவாராம். போன வருஷம் ஐந்தாம் வகுப்புக் காலாண்டு லீவிலிருந்து. மூன்றாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றிலிருந்து அம்மா தரவில்லையாம். சத்தியத்தை உடைத்துவிட்டேன், கண் போய்விடுமா என்று கேட்டான். போகாது என்றேன்.

அம்மா ராத்திரி வாழைப்பழம் ஊட்டுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். உரித்த தோலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டதே நான்தான்.

ஜூலை 13, ஞாயிறு

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். தம்பி சொன்னதைச் சொல்லவில்லை. டாக்டர் என்னிடம் சொன்னது என்று மட்டும் சொன்னேன். அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாதாம் அம்மா, டாக்டருக்குத் தெரியாமல் ஆபரேஷன் செய்தால் எழுந்திருக்கவே மாட்டார்களாம் என்றேன்.

அம்மா தம்பியின் டவுசரைப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகும் பிழிந்தாள்.

"அத எதுக்கு எங்கிட்டச் சொல்ற?"

சும்மா என்றேன்.

"படிக்கிற வேலையப் பாரு. அப்பா பதினாறாந் தேதி வாராக. அவுக முன்னால டாக்டர் சொன்னாரு நொட்டை சொன்னாருன்னு எதையும் ஒளறிக்கிட்டு நிக்காத."

சாயங்காலம் அம்மா வெந்நீர் அடுப்பில் ஏதோ காகிதம் போட்டு எரித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய காலண்டர் தாள்களாக இருந்தன. இருந்தாலும் எல்லாமே காலண்டர் தாள்தானா? எனக்கு ஒரு நினைப்பு வருகிறது. அதை எழுத மாட்டேன். எழுதினால் அது உண்மையாகிவிடும்.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளிக்கூட அலுவலகப் போனிலிருந்து டாக்டருக்குக் கூப்பிட்டேன். மூன்று தடவை. ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்று ஒரு நர்ஸ் எடுத்துச் சொன்னார். யார், என்ன விஷயம் என்று கேட்டார். ஹெட் கிளார்க் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

அப்பா வந்துவிட்டார். ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்து தம்பியைத் தூக்கினார். கனமாக இருக்கிறான் என்று பெருமைப்பட்டார். அப்புறம் காலில் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், ஐந்து மாதமாக வீட்டில் உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது. அத்தை குறுக்கே வந்து, சாப்பிட வா என்று இழுத்துப் போனாள்.

அம்மா பரிமாறும்போது குழம்புக் கரண்டி கிண்ணத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 17, வியாழன்

நாளை காலை வேன் வருகிறது.

தம்பி இன்று சாயங்காலம் பாத்ரூமுக்குப் போக வாக்கரைப் பிடித்து நின்றவன் அப்படியே சரிந்தான். உடம்பெல்லாம் ஜில்லென்று வேர்த்திருந்தது. கூப்பிட்டால் ம் என்கிறான், கண்ணைத் திறப்பதில்லை. அப்பா வெயில்தான் காரணம் என்று இளநீர் வாங்கிவந்தார். அதையும் வாந்தி எடுத்துவிட்டான். எப்படியும் விடிந்தால் ஆஸ்பத்திரிதானே என்றார் அப்பா. அத்தை அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கினாள், எடுத்தாள், மறுபடி அடுக்கினாள். என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது எல்லோரும் படுத்துவிட்டார்கள். படுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யாரும் தூங்குகிற மாதிரி தெரியவில்லை.

நாளை டாக்டர் ரெஹானா இருப்பாரா தெரியாது. ரத்தம் எடுப்பார்களா தெரியாது. எடுத்தாலும் முடிவு வருவதற்குள் டேபிளில் ஏற்றிவிடுவார்களோ என்னவோ. தம்பி அதுவரை தாங்குவானா? இப்போதே சொல்ல வேண்டும். எழுந்துபோய் அப்பாவை எழுப்பிச் சொல்லலாம். சொன்னால் தம்பி பிழைப்பான். அம்மாவை அப்பா இன்றைக்கே வாசலுக்கு வெளியே நிறுத்துவார். தம்பி உடம்பில் ஒரு பிடி சதை விழ வேண்டும் என்று யார் அவளை மிரட்டினாரோ அவரிடமே போய் நான் அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அம்மா தெரிந்தே பேசாமல் இருக்கிறாள். இதைத்தான் அன்றைக்கு எழுத மாட்டேன் என்றேன். எழுதிவிட்டேன். தன் வாழ்க்கைக்காகத் தம்பியை விட்டுவிடுவாளோ என்று நான் என் அம்மாவைச் சந்தேகப்படுகிறேன். இதைப் படிக்கிறவர்களே, இந்த ஒரு வரியை மட்டுமாவது மறந்துவிடுங்கள்.

நோட்டை மூடிவிட்டுப் போகப்போகிறேன். முதலில் அத்தையை எழுப்புகிறேன். அத்தை பக்கத்தில் நின்றால் அப்பா கை ஓங்க மாட்டார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா, தம்பிக்கு ஒரு மாத்திரை

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவின் குரல். அழவில்லை, கிசுகிசுக்கவும் இல்லை, சாதாரணமாகக் கூப்பிடுகிறாள்.

"அரசி, கதவத் தெற. அந்த டாக்டரம்மாவுக்குப் போனப் போட்டுக் குடு. கவர் எங்கிட்டத்தான் இருக்கு, நானே சொல்றேன். அப்பாவும் இங்கனதான் நிக்கிறாக. பரவால்ல, தெற."